இதயவுறைச் சயரோகம்: எச்.ஐ.வி. உள்ளவரிடம் அதனைக் கண்டறிவது எவ்வாறு?

சயரோகம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன நீடித்த இருமலும், சளியும், மெலிந்த உடலுமே. நெஞ்சை எக்ஸ்றே எடுத்து, சளியைப் பரிசோதித்து, கிருமி இருந்தால் மருந்து கொடுப்பதும் இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் நாம் பழகிப்போன முறை. ஆனால் சயரோகக் கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. நிணநீர்க் கணுக்கள், முள்ளந்தண்டு, மூளையைச் சுற்றியுள்ள சவ்வு, குடல், சிறுநீரகம் என உடலின் எப்பகுதியிலும் அது குடியேறவல்லது. அவ்வாறு அது குடியேறும் இடங்களுள் மிக ஆபத்தானவற்றில் ஒன்று, இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறையாகும்.

எச்.ஐ.வி. பரவிய நாடுகளில் இந்நோய் பன்மடங்கு பெருகியது. அதனைக் கண்டுபிடிப்பதும் முன்னரிலும் கடினமாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் சயரோகத்தால் இறந்தோர் தொகை ஏறத்தாழ 12.5 இலட்சம். அவர்களுள் 161,000 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். மருந்து இருந்தும் இத்தனை பேர் இறப்பதற்கு ஒரு முக்கிய காரணம், நோய் உரிய காலத்தில் அடையாளம் காணப்படாமையே.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் இதயவுறையில் நீர் தேங்கியிருக்கிறது. அது சயரோகத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று எவ்வாறு அறிவது? இந்தக் கேள்விக்கே இக்கட்டுரையில் விடை தேடுகிறோம். இதற்காக மிகவும் உழைத்தவர்களுள் தென்னாபிரிக்க வைத்தியர்கள் முதன்மையானவர்கள். எனவே அவர்களுடைய அனுபவத்தைப் பின்பற்றியே செல்வோம்.

உறையும் அதனுள் சேரும் நீரும்

எமது இதயம் இரண்டு மெல்லிய படைகளைக் கொண்ட ஒரு பையினுள் இருக்கிறது. அப்படைகளுக்கிடையே சாதாரணமாக 15 தொடக்கம் 50 மில்லிலீற்றர் வரையான தெளிந்த நீர் உண்டு. இதயம் ஓயாது அசையும்போது உராய்வு ஏற்படாமல் காப்பது இந்நீரின் வேலை.

சயரோகக் கிருமி பெரும்பாலும் நெஞ்சின் நடுப்பகுதியிலுள்ள நிணநீர்க் கணுக்களிலிருந்து, சிலவேளை இரத்தத்தின் வழியாக, இந்த உறையை அடைகிறது. உறை அழற்சியுறுகிறது. நீர் ஊறத் தொடங்குகிறது. இது மெதுவாக நிகழ்ந்தால் உறை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கும். ஒரு லீற்றர் நீர்கூட அதில் தேங்கலாம். விரைவாக ஊறினாலோ மிகக் குறைந்த அளவே இதயத்தை நசுக்கப் போதுமானது. உறை விரிய இடமில்லாத நிலையில், உள்ளிருக்கும் இதயமே சுருங்க நேரிடுகிறது. அதன் அறைகள் நிரம்புவதில்லை. நிரம்பாத இதயம் எதை வெளியே தள்ளும்? இரத்த அழுத்தம் வீழ்ந்து, சில மணி நேரத்தில் உயிரும் பிரியக்கூடும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களிலும் சிலருக்கு வேறோர் ஆபத்துக் காத்திருக்கிறது. நீர் வற்றியபின் உறை தடித்து, இறுகி, இதயத்தை ஓர் ஓடுபோலச் சிறைப்படுத்திவிடும். அப்போது நெஞ்சைத் திறந்து அவ்வுறையை உரித்தெடுக்கும் பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படும். அது எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யக்கூடிய ஒன்றல்ல.

டிரான்ஸ்கையும் கேப்டவுனும்

தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் டிரான்ஸ்கை என்றொரு பிரதேசம் உண்டு. நிறவெறி அரசு 1976இல் இதற்குச் "சுதந்திர நாடு" என்று பெயர் சூட்டியது. சர்வதேச சமூகம் அதை ஏற்கவில்லை. 1994இல் அது மீண்டும் தென்னாபிரிக்காவோடு இணைந்தது. அங்குள்ள ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றார்கள். சுரங்கத்தின் கற்தூசி நுரையீரலைப் பழுதாக்கிற்று. நெருக்கமான விடுதிகளில் சயரோகம் பரவிற்று. நோயுற்றவர்கள் தங்கள் கிராமங்களுக்கே திரும்பினார்கள்.

1980களில் இப்பிரதேசத்தின் தலைநகரான உம்டாட்டாவில் இதயவுறைச் சயரோகம் பற்றிய முதலாவது பெரிய சிகிச்சை ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றின் முடிவுகள் 1987, 1988ஆம் ஆண்டுகளில் வெளியாயின. ஒரு வறிய கிராமப் பிரதேசத்தின் நோயாளிகளிடமிருந்தே இந்நோய்க்கான அறிவு உலகுக்குக் கிடைத்தது என்பதை நாம் மனதில் வைத்திருத்தல் நன்று. அப்போது அங்கு எச்.ஐ.வி. பரவியிருக்கவில்லை.

அதற்குப் பின்னர் எல்லாம் மாறிற்று. டிரான்ஸ்கை மண்ணைச் சேர்ந்த இதயநோய் நிபுணரான பேராசிரியர் பொங்கானி மயோசி, கேப்டவுனிலுள்ள குரூட் ஸ்கூர் வைத்தியசாலையில் பணியாற்றியவர். 1967இல் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்ததும் அதே வைத்தியசாலையில்தான். 2018இல் காலமான மயோசி, வறியவர்களின் இதயநோய்களைத் தம் ஆய்வுத் துறையாகத் தெரிந்துகொண்டார். 2004இல் அவரும் சகாக்களும் தென்னாபிரிக்கா, நைஜீரியா, கமரூன் ஆகிய 3 நாடுகளின் 15 வைத்தியசாலைகளில் இதயவுறைச் சயரோகத்துக்குச் சிகிச்சை தொடங்கிய 185 பேரைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். 6 மாதங்களுக்குள் அவர்களில் 26 சதவீதமானோர் இறந்துபோயினர். எச்.ஐ.வி. நோயின் அறிகுறிகள் வெளிப்பட்டிருந்தோரை மட்டும் எடுத்தால் இது 40 சதவீதம். அவ்வறிகுறிகள் இல்லாதோரில் 17 சதவீதம். சிகிச்சை பெற்றோரின் நிலையே இது. அடையாளம் காணப்படாமல் வீட்டிலேயே மடிந்தோர் இக்கணக்கில் இல்லை.

நோயாளி எவ்வாறு வருகிறார்?

இந்நோய் சடுதியாக வருவது குறைவு. பல வாரங்களாக மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சிறிது இருமல், நெஞ்சில் ஒருவித நோவு என்று மெதுவாகத் தொடங்கும். பின்னர் நடந்தால் மூச்சு வாங்கும்; படுத்தால் மூச்சு முட்டும். கால் வீங்கும், வயிறு ஊதும், வலப்புறம் ஈரல் பருத்து நோகும். கழுத்து நரம்புகள் புடைத்து நிற்கும். நாடி விரைவாக ஓடும். ஸ்ரெதஸ்கோப் வைத்துக் கேட்டால், இதய ஒலி சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும்.

கையால் அறியக்கூடிய ஓர் அடையாளமும் உண்டு. நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டே, அவரை மூச்சு உள்ளிழுக்கச் சொல்ல வேண்டும். இதயம் நெருக்கப்பட்டிருந்தால் மூச்சை இழுக்கும்போது நாடி தளர்ந்து, சிலவேளை முற்றாக மறைந்து, மூச்சை விடும்போது மீண்டும் வரும். இரத்த அழுத்தமானி இருந்தால், மூச்சிழுக்கையில் மேல் அழுத்தம் 10 மில்லிமீற்றருக்கு மேல் வீழ்வதை அளந்தே பார்க்கலாம். இவ்வடையாளம் காணப்பட்டால் அந்த நோயாளியை ஒரு மணி நேரமும் தாமதிக்காது பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காலும் வயிறும் வீங்கி, மூச்சு வாங்கும் ஒருவரைக் கண்டால் "இதயம் பலவீனம்" என்று எண்ணி, நீர் போவதற்கான மாத்திரையைக் கொடுப்பது பலரது வழக்கம். சாதாரண இதயப் பலவீனத்தில் அது நன்மை செய்யும். ஆனால் நெருக்கப்பட்ட இதயம், நரம்புகளில் தேங்கிநிற்கும் அழுத்தத்தின் உதவியாலேயே ஓரளவாவது நிரம்புகிறது. மாத்திரை அந்த அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் இரத்த அழுத்தம் மேலும் வீழ்ந்து நோயாளி மயங்கி விழலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதயத் தசையே பலவீனப்படுவதும் உண்டாகையால், இரண்டையும் மாற்றி விளங்கிக்கொள்வது மிக எளிது. எனவே வீக்கத்துக்கு மாத்திரை கொடுக்குமுன் இதயவுறையில் நீர் உண்டா என்று பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

எச்.ஐ.வி. செய்யும் மாற்றம்

எச்.ஐ.வி. இருந்தால் மட்டும் கண்டறிதல் ஏன் இவ்வளவு சிக்கலாகிறது? சயரோகத்தின் அடையாளங்களிற் பல, கிருமியால் மட்டும் உண்டாவன அல்ல. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தால் உண்டாவன. கிருமியை வெண்குழியங்கள் வளைத்துக்கொள்வதால் தோன்றும் சிறு முடிச்சுகளைக் கண்டே நோயியல் நிபுணர் "இது சயரோகம்" என்கிறார். தோலில் ஊசிபோட்டுப் பார்க்கும் பரிசோதனையும், நுரையீரல் உச்சியில் எக்ஸ்றேயிற் தெரியும் குழிகளும் அவ்வாறானவையே. எச்.ஐ.வி. தாக்குவதோ இப்போராட்டத்தை முன்னின்று நடத்தும் சி.டி.4 எனும் வெண்குழியங்களை. போராட்டம் ஓய்ந்த இடத்தில் போராட்டத்தின் தடயங்களும் இரா.

ஆகவே நிர்ப்பீடன சக்தி மிகக் குறைந்தவரின் உறையிலிருந்து எடுத்த இழையத் துண்டில் அந்த முடிச்சுகள் குறைவாகவே காணப்படும். தோற் பரிசோதனை எதிர்மறையாக வரும். எக்ஸ்றேயில் நுரையீரல் தெளிவாகவே இருக்கலாம். அதேவேளை கிருமி தடையின்றி உடலெங்கும் பரவியிருக்கும்; இதயத் தசையையும் தாக்கியிருக்கும். அழற்சி குறைவாக இருப்பதால், உறை பின்னர் இறுகும் வாய்ப்பு மட்டும் இவர்களுக்குச் சற்றுக் குறைவு என ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் இதயவுறையில் நீர் சேர்வதற்குச் சயரோகம் மட்டுமே காரணமன்று. கபோசிப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், நியூமோனியாக் கிருமியால் வரும் சீழ், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியனவும் காரணமாகலாம். எல்லாவற்றையும் சயரோகம் எனக் கொள்வதும் பிழை. சளியிற் கிருமி இல்லை என்பதால் சயரோகம் இல்லை என்பதும் பிழை.

முதலில் படம்

நெஞ்சு எக்ஸ்றேயில் இதயத்தின் நிழல், நீர் நிறைந்த தோற்பைபோலப் பெருத்துத் தெரியும். நீர் தேங்கியோரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரில் இதைக் காணலாம். ஆனால் அதே படத்தில் நுரையீரற் சயரோகத்தின் அடையாளம் தெரிவது சுமார் 30 சதவீதமானோரில் மட்டுமே. இதயத் தசை வீங்கினாலும் நிழல் பெருக்கும். ஆகவே எக்ஸ்றே சந்தேகத்தை எழுப்பும். அதைத் தீர்த்து வைக்காது.

ஒலியலைகளால் படம்பிடிக்கும் ஸ்கான், அதாவது எக்கோ, நீர் இருப்பதை நிச்சயமாகக் காட்டும். எவ்வளவு நீர், இதயம் நசுங்குகிறதா, நீரினுள் நூல்நூலாகப் புரதத் திரள் மிதக்கிறதா என்பதெல்லாம் தெரியவரும். நூற்திரள் சயரோகத்தை நினைப்பூட்டும். ஆனால் அதற்கு மட்டும் உரியதன்று.

இக்கருவி பெரிய நகரங்களுக்கே உரியது என்ற நிலை இப்போது மாறியுள்ளது. தென்னாபிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணக் கிராமப்புறத்தில் பணியாற்றிய வைத்தியர்கள், 2010களின் தொடக்கத்தில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென ஒரு சுருக்கமான ஸ்கான் முறையை வகுத்தார்கள். கட்டிலருகே கொண்டுசெல்லக்கூடிய சிறிய கருவி ஒன்றே அதற்குப் போதும். இதயவுறை நீர், நெஞ்சறை நீர், வயிற்று நீர், வயிற்றிலுள்ள வீங்கிய நிணநீர்க் கணுக்கள், மண்ணீரலில் உள்ள சிறு கட்டிகள் ஆகியவற்றை ஒழுங்காகத் தேடிப் பார்ப்பதே அம்முறை. இதயநோய் நிபுணர் இல்லாத இடத்திலும், பயிற்சி பெற்ற சாதாரண வைத்தியர் ஒருவர் சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம். இதயவுறையில் நீரும் மண்ணீரலிற் கட்டிகளும் ஒருங்கே தென்பட்டால் சயரோகம் பற்றிய சந்தேகம் பெரிதும் வலுப்பெறும்.

அடுத்து நீர்

நீர் இருப்பதைக் கண்டபின், இயலுமிடத்து அதை எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்செலும்பின் கீழ்முனையருகே அல்லது இதயத்தின் நுனிப்பக்கமாக, ஸ்கானின் துணையோடு ஊசி செலுத்தி நீர் எடுக்கப்படுகிறது. இதனால் இரட்டைப் பயன் கிடைக்கிறது. இதயத்தின் மீதுள்ள நெருக்குதல் நீங்குகிறது. நோயின் காரணத்தைத் தேடவும் வழி பிறக்கிறது.

சயரோகத்தில் இந்நீர் பெரும்பாலும் இரத்தம் கலந்து சிவந்திருக்கும். அதில் புரதம் மிகுந்திருக்கும். வெண்குழியங்களில் நிணநீர்க்குழியங்கள் கூடுதலாக இருக்கும். சீழாக இருந்தால் வேறு பற்றீரியாவின் தொற்றை எண்ண வேண்டும். புற்றுநோய்க் கலங்கள் உண்டா என்றும் தேட வேண்டும்.

கிருமியை நேரிற் காண்பதே ஐயத்துக்கு இடமில்லாத சான்று. ஆனால் நுணுக்குக்காட்டியின் கீழ் அது அகப்படுவது அரிது. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் கூடுதலாக அகப்படும். ஆனால் முடிவு வரப் பல வாரங்கள் செல்லும். நெருக்கப்பட்ட இதயத்துக்கு அவ்வளவு தவணை இல்லை.

எனவே விரைவான பரிசோதனைகளை நோக்கி ஆய்வாளர் திரும்பினர். குரூட் ஸ்கூர் ஆய்வாளர் 151 நோயாளிகளின் இதயவுறை நீரைப் பரிசோதித்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர. அவர்களில் 74 பேருக்குச் சயரோகம் உறுதியாயிற்று; 50 பேருக்கு அது பெரும்பாலும் சயரோகமே எனக் கொள்ளப்பட்டது; 27 பேருக்கு வேறு நோய். மூன்று பரிசோதனைகள் ஒப்பிடப்பட்டன.

முதலாவது, கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் தேடும் எக்ஸ்பேர்ட் இயந்திரம். சளிப் பரிசோதனையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்த இக்கருவியை 2010இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இதயவுறை நீரில் அது சயரோகம் என்று சொன்ன எவருக்கும் அது பொய்க்கவில்லை. ஆனால் சயரோகம் உறுதியான 100 பேரை எடுத்தால், அது கண்டுபிடித்தது சுமார் 64 பேரை மட்டுமே. மீதி 36 பேரை நோய் இருந்தும் "இல்லை" என்று அது சொல்லிவிடும்.

இரண்டாவது, அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியத்தின் அளவு. இதைச் சுருக்கமாக ஏ.டி.ஏ. என்பர். இது கிருமியைத் தேடுவதில்லை. நிணநீர்க்குழியங்கள் செயற்படுவதன் அடையாளத்தை அளக்கிறது. லீற்றருக்கு 35 அலகு என்ற எல்லையை வைத்தபோது, சயரோகம் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 96 பேரை அது காட்டிற்று. ஆனால் சயரோகம் இல்லாத 100 பேரில் 16 பேரையும் சயரோகம் என்று பிழையாகக் காட்டிற்று. சீழ், நிணநீர்ப் புற்றுநோய் முதலியவற்றிலும் இந்நொதியம் உயர்வதே காரணம். செலவு குறைந்த பரிசோதனை என்பதால் சிறிய ஆய்வுகூடங்களுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, இன்ரபெரோன் காமா எனும் பொருளின் அளவு. மூன்றிலும் இதுவே சிறந்து நின்றது: சயரோகம் உள்ளோரில் ஏறத்தாழ 96 சதவீதத்தினரையும், இல்லாதோரில் ஏறத்தாழ 96 சதவீதத்தினரையும் சரியாகப் பிரித்துக் காட்டிற்று. ஆனால் இதற்கான வசதி எங்கும் கிடைப்பதில்லை.

இம்மூன்றும் எமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான்: எக்ஸ்பேர்ட் "ஆம்" என்றால் நம்பலாம், "இல்லை" என்றால் அதோடு நின்றுவிடலாகாது.

ஊசி போட வசதியில்லாத இடத்தில்

எல்லா வைத்தியசாலையிலும் இதயத்தருகே ஊசி செலுத்தத் துணிவும் தேர்ச்சியும் உள்ளவர் இருப்பதில்லை. கேப்டவுனை அண்டிய டைகர்பேர்க் வைத்தியசாலையில் இதயவுறை நீருடன் வந்த 233 பேரை ஆராய்ந்து, 2006இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டனர். காய்ச்சல் இருந்தால் 1 புள்ளி. இரவு வியர்வைக்கு 1. உடல் மெலிவுக்கு 2. இரத்தத்தில் குளோபுலின் என்ற புரதம் லீற்றருக்கு 40 கிறாமுக்கு மேலிருந்தால் 3. இரத்தத்தில் வெண்குழியங்கள் லீற்றருக்கு 1000 கோடியை விடக் குறைவாயிருந்தால் 3. கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் வந்தால் சயரோகமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சயரோகம் உள்ள 100 பேரில் 86 பேரை இது கண்டுகொண்டது. இல்லாத 100 பேரில் 85 பேரைச் சரியாக விலக்கிற்று.

மூன்று அறிகுறிகளும் சேர்ந்தும் 4 புள்ளிகளே வருவதைக் கவனிக்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனை ஒன்றேனும் துணைநின்றால்தான் எல்லையைத் தாண்டும். ஆனால் எச்.ஐ.வி. மட்டும் இருந்தாலே குளோபுலின் உயர்வதும் வெண்குழியங்கள் குறைவதும் உண்டு. ஆகையால் எச்.ஐ.வி. உள்ளவரிடம் இப்புள்ளிகளை நிதானத்துடன் எடைபோட வேண்டும். இம்முறை வைத்தியரின் சிந்தனைக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றன்று.

இன்னுமொரு எளிய வழி சிறுநீர்ப் பரிசோதனை. எச்.ஐ.வி. முற்றிய, கடும் நோயுற்றவரின் உடலெங்கும் சயரோகக் கிருமி பரவியிருந்தால், அக்கிருமியின் வெளிச்சுவரிலுள்ள லாம் எனும் பொருள் சிறுநீரில் வெளியேறும். ஒரு காகிதக் கீற்றில் சில துளி சிறுநீர் விட்டால் 25 நிமிடத்தில் முடிவு தெரியும். இதனை உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்து, 2019இல் மேலும் விரிவாக்கியது. நிர்ப்பீடன சக்தி எவ்வளவு குறைந்துள்ளதோ அவ்வளவுக்கு இப்பரிசோதனை கூடுதலாக உதவும். மற்றைய பரிசோதனைகள் கைவிடும் நோயாளிக்கே இது கைகொடுக்கிறது. இதயத்தில் நீரோடு வந்த ஒருவரின் சிறுநீரில் லாம் இருப்பின், ஊசி போடாமலே சிகிச்சையைத் தொடங்க வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. கழுத்தில் வீங்கிய கணு இருந்தால் அதிலிருந்து ஊசியால் மாதிரி எடுப்பதும், சளியைப் பரிசோதிப்பதும் அவ்வாறே பயன்தரும்.

சான்று முழுமையாகக் கிடைக்காதபோது

இத்தனையும் செய்தபின்னரும் பல நோயாளிகளில் கிருமியைக் காண முடியாது. எனவே வைத்தியர்கள் இந்நோயை இரண்டு படிகளில் வகுத்துள்ளனர். உறையின் நீரிலோ இழையத்திலோ கிருமி காணப்பட்டால் அது உறுதியான சயரோகம். அது இல்லாமல், உடலின் வேறிடத்தில் சயரோகம் இருந்தாலோ, நீரில் நிணநீர்க்குழியங்கள் மிகுந்து ஏ.டி.ஏ. உயர்ந்திருந்தாலோ, சயரோக மருந்துக்கு நோய் நன்கு இசைந்தாலோ அது பெரும்பாலும் சயரோகமே எனக் கொள்ளப்படும்.

இவ்விடத்தில் நோயாளி வாழும் இடமும் ஒரு சான்றாகிறது. மேற்குக் கேப் பகுதியில் பரிசோதனைக்காக நீர் எடுக்கப்பட்டவர்களில் 69.5 சதவீதமானோருக்குக் காரணம் சயரோகம். செல்வந்த நாடுகளில் இது 4 சதவீதம் அளவே. எனவே சயரோகம் மலிந்த நாட்டில், புற்றுநோய், சீழ், சிறுநீரக நோய் முதலியவற்றை விலக்கியபின், கிருமியைக் காணாவிடினும் மருந்தைத் தொடங்கலாம் என்பதும், சயரோகம் அரிதான நாட்டில் அவ்வாறு கண்மூடித் தொடங்கலாகாது என்பதும் நிபுணரின் வழிகாட்டல். ஒரே அளவு நீர், ஒரே நிறம்; ஆனால் முடிவு இடத்துக்கிடம் வேறுபடுகிறது.

மருந்தைத் தொடங்கிவிட்டால் கண்டறியும் வேலை முடிந்தது என்றும் எண்ணக்கூடாது. சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து, நிறை கூடி, நீர் வற்ற வேண்டும். அவ்வாறு நடவாவிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியா, வேறு நோயா என்று மீண்டும் தேட வேண்டும். எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில், விழித்தெழும் நிர்ப்பீடன சக்தியினாலேயே நீர் திடீரெனப் பெருகுவதும் உண்டு. அதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் திரும்ப வேண்டும்.

சரியாகக் கண்டறிவது ஏன் முக்கியம்?

"எப்படியும் சயரோக மருந்துதானே, கொடுத்துவிட்டால் போயிற்று" என்று சிலர் கேட்கலாம். றிபாம்பிசின், ஐசோனியாசிட், பிராசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கும் 2 மாதமும், முதலிரண்டும் மேலும் 4 மாதமும் கொடுப்பது வழமை. றிபாம்பிசின் பல எச்.ஐ.வி. மருந்துகளின் வலிமையைக் குறைப்பதால் அவற்றின் அளவை மாற்ற நேரிடும். இவற்றோடு ஸ்ரெரோயிட் வகை மருந்தைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது.

உம்டாட்டா ஆய்வுகளில் பிரெட்னிசோலோன் நன்மை செய்ததாகத் தெரிந்தது. எச்.ஐ.வி. காலத்திலும் அது பொருந்துமா என்பதை அறிய, மயோசியின் தலைமையில் 8 ஆபிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளைக் கொண்டு பெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டு 2014இல் வெளியாயிற்று. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். இறப்பு, இதய நெருக்கம், உறை இறுகுதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது பிரெட்னிசோலோன் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. உறை இறுகுதலை மட்டும் 7.8 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் புற்றுநோய்கள் 0.6 சதவீதத்திலிருந்து 1.8 சதவீதமாகக் கூடின; இக்கூடுதல் பெரும்பாலும் எச்.ஐ.வி. சார்ந்த புற்றுநோய்களால் ஏற்பட்டது. கபோசிப் புற்றுநோயால் வந்த நீரைச் சயரோகம் என்றெண்ணி ஸ்ரெரோயிட் கொடுத்தால் என்ன நேரும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பிழையான பெயரிடல் இங்கு வெறும் ஏட்டுப் பிழையன்று.

எமது கடமை

சயரோகக் கிருமி இதயவுறையில் அகப்படும்வரை காத்திருப்பது கொல்லும். ஆராயாமல் மருந்து கொடுப்பதும் கொல்லலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை, சிறு சிறு சான்றுகளை ஒன்றுசேர்த்து, எடைபோட்டு, உரிய காலத்தில் முடிவெடுப்பதே. தென்னாபிரிக்க வைத்தியர்கள் நாற்பதாண்டு உழைப்பில் எமக்குத் தந்திருப்பது இதுவே.

கிராமத்தில் பணிபுரியும் சுகாதாரத் தொண்டருக்கு ஏ.டி.ஏ. அளக்கவோ ஊசி செலுத்தவோ இயலாது. ஆனால் முதற் சான்றுகள் அவர் கையில்தான் உள்ளன. மெலிந்தவரிடம், இரவில் வியர்க்கிறதா, கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்பதும், கழுத்து நரம்பைப் பார்ப்பதும், மூச்சோடு நாடி தளர்கிறதா என்று தொட்டறிவதும், சளியிற் கிருமி இல்லை என்ற துண்டோடு வீட்டுக்கு வந்தவரை மீண்டும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் அவரால் இயலும். எச்.ஐ.வி. உள்ளவரென அறிந்து அயலவர் ஒதுக்கிவைத்தால் அவர் மூச்சு வாங்குவதை யார் கவனிப்பார்? வெட்கத்தாலும் பயத்தாலும் ஒளித்துவைக்கப்பட்ட நோயாளியை எந்த இயந்திரத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவரை அண்டிச் சென்று பேசுவதிலிருந்தே நோயைக் கண்டறியும் வேலை தொடங்குகிறது.